வாத்தியாருக்கும் புள்ளி

விளையாட்டு உருப்படாதவர்களின் காரியம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த வாத்தியார்கள் இப்போது விளையாட்டைக் கற்றுக்கொள்ளக் கிளம்பியிருக்கிறார்கள். இது நடப்பது அமெரிக்காவில். விளையாட்டு என்று நான் சொல்வது மைதானத்தில் ஓடி ஆடுவதை அல்ல. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பலகை, சீட்டு, பகடை, காகிதம், பென்சில் இவற்றைக் கொண்டு ஆடுவது. இந்த ஆட்டங்களுக்கென்றே வருஷத்துக்கு ஒரு முறை கூடும் மாநாடுகளுக்குப் போய் வருவதைத் தங்கள் பணித்திறன் பயிற்சியாகக் கருதும் ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். போய் வந்து, எந்த ஆட்டம் எந்தப் பாடத்துக்கு உதவும் என்று பேசுகிறார்கள், எழுதுகிறார்கள், ஒருவருக்கொருவர் பட்டியல் கொடுத்துக்கொள்கிறார்கள்.

இதைக் கேட்டதும் இரண்டு விதமான பேச்சு எழும். ஒன்று, படிப்பு என்பது தவம், அதில் பகடைக்கு என்ன வேலை என்கிற பண்டித முகச்சுளிப்பு. மற்றது, புதுமை என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே கைதட்ட ஆரம்பித்துவிடும் அசட்டு உற்சாகம். முதலாவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. குழந்தை விளையாடித்தான் கற்கிறது என்பது பிளேட்டோவுக்கே தெரிந்த விஷயம். என் சண்டை இரண்டாவதோடு. விளையாட்டைக் கொல்லும் சக்தி அதைப் பார்த்து முகம் சுளிப்பவனிடம் இல்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ள வருபவனிடம்தான் இருக்கிறது.

ஜென் கான் என்ற மாநாட்டை எடுத்துக்கொள்ளலாம். 1968ல் விஸ்கான்ஸின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் என்பவர் தோட்டக்கலைக் கூடம் ஒன்றை 50 டாலர் வாடகைக்கு எடுத்து, யுத்த ஆட்டங்களில் பைத்தியமாக இருந்த சுமார் 100 பேரைக் கூட்டினார். ஊர்ப் பெயரையும், யுத்த கைதிகளை எப்படி நடத்துவது என்று வகுத்த ஜெனீவா ஒப்பந்தத்தின் பெயரையும் சேர்த்துக் கேலியாக வைத்த பெயர் அது. ஆறு வருஷம் கழித்து, 1974ல், இதே கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, வாயால் பேசியும் பகடை உருட்டியும் கொண்டுபோகும் ஆட்டம். 2003லிருந்து ஜென் கான் இண்டியானாபொலிஸ் நகரத்துக்கு வந்துவிட்டது. 2024ல் அங்கே கூடியவர்கள் 71,000 பேருக்கு மேல். நான்கு நாள், ஆயிரக்கணக்கான மேஜைகள், நடுவில் ஒரு பிரம்மாண்டமான விற்பனைக் கூடம்.

மாநாடு தொடங்குவதற்கு முதல் நாள் கடைக்காரர்கள், நூலகர்கள், ஆசிரியர்கள் இவர்களுக்கென்று தனியாக ஒரு நாள் வைத்து வந்திருக்கிறார்கள். அதன் பெயர் ‘டிரேட் டே’. வியாபார நாள். பெயர் வைத்தவர்களிடம் ஒளிவுமறைவு இல்லை. கடைக்காரனும் வாத்தியாரும் ஒரே வாசல் வழியாக உள்ளே போகிறார்கள். இருவரிடமும் எதிர்பார்க்கப்படுவது ஒன்றுதான்: சரக்கை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இந்த உறவு நேற்று ஏற்பட்டதில்லை. 1860ல் வாழ்க்கையையே ஒரு சதுரங்கப் பலகையாக்கி விற்ற மில்டன் பிராட்லிதான், 1869ல் ஃப்ரோபெலின் கிண்டர்கார்ட்டன் முறை பற்றி அமெரிக்காவில் புத்தகம் வெளியிட்டு, அதற்கு வேண்டிய மரக்கட்டைகளையும் காகிதங்களையும் செய்து விற்றவர். ஃப்ரோபெலிடம் அவருக்கிருந்த பற்று உண்மையானது. அந்தப் பற்றும் வியாபாரமும் ஒரே மனிதருக்குள் சச்சரவில்லாமல் குடியிருந்தன. இன்று மில்டன் பிராட்லி, மொனாப்பலி விற்ற பார்க்கர் பிரதர்ஸ், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் மூன்றும் ஹாஸ்ப்ரோ என்ற ஒரே ஸ்தாபனத்தின் கைக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. வியாபாரி வியாபாரம் செய்கிறான் என்று புகார் சொல்ல நான் வரவில்லை. வாத்தியார் எதை வாங்கிக்கொண்டு திரும்புகிறார் என்பதுதான் என் கேள்வி.

அதற்கு முன் வாத்தியார் அங்கே ஏன் போகிறார் என்று பார்க்க வேண்டும். ஆசிரியர்களைக் கிண்டல் செய்வது சுலபம். நம் ஊரிலும் அது சுலபம், அங்கும் சுலபம். ஆனால் அந்த மனிதர்கள் இருக்கும் நிலை கிண்டலுக்குரியது இல்லை. அமெரிக்க ஆசிரியர் தன் வகுப்பறைக்கு வேண்டிய காகிதத்தையும் பென்சிலையும் தன் கைக்காசைப் போட்டு வாங்குவது அவ்வளவு சகஜமாகிவிட்டது. அதற்கென்று வருமான வரியில் 2002ல் 250 டாலர் கழிவு கொடுத்தார்கள். 2022ல் அதை 300 ஆக்கினார்கள். வறுமையைப் போக்குவதற்குப் பதிலாக வறுமைக்கு ஒரு வரிசை எண் கொடுத்துப் படிவத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சி என்ற பெயரில் அவருக்குக் கிடைப்பதோ, பள்ளிக்கூட ஹாலில் யாரோ ஒருவர் திரையில் ஓட்டும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. முப்பது வருஷம் பாடம் நடத்தியவருக்கு, பாடமே நடத்தியிராதவர் பாடம் நடத்துவது எப்படி என்று பாடம் நடத்துவார். இந்த அவமானத்தோடு ஒப்பிட்டால், முன்பின் தெரியாத நான்கு பேரோடு ஒரு மேஜையில் உட்கார்ந்து பகடை உருட்டுவது விடுதலை. ஆகவே போகிறார். அவர் போவது நியாயம்.

ஆனால் போனவர் சும்மா போனதாக இருக்கக்கூடாது. இண்டியானாவில் ஆசிரியர் உரிமத்தை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அதற்குள்ள வழிகளில் ஒன்று, அந்த ஐந்து வருஷத்துக்குள் 90 ‘பணிவளர்ச்சிப் புள்ளிகள்’ சேர்ப்பது. புள்ளி என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். வகுப்பறையை விளையாட்டாக மாற்றுவது எப்படி என்று கற்றுக்கொள்ளக் கிளம்பும் ஆசிரியர், தான் ஏற்கெனவே ஒரு ஆட்டத்தில் காயாக நகர்த்தப்பட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஆட்டத்தில் சேர அவரை யாரும் அழைக்கவில்லை. அதிலிருந்து எழுந்து போகவும் முடியாது, போனால் வேலை போய்விடும்.

அந்த மாநிலத்தில் நடுநிலைப் பள்ளியொன்றில் சரித்திரம் போதிக்கும் எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் இந்த மாநாட்டுக்குப் போய் வந்தார். அவர் எனக்கு எழுதிய கடிதம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஒரு மேஜையில் இடம் காலியாக இருந்திருக்கிறது, உட்கார்ந்துவிட்டார். இரண்டரை மணி நேர ஆட்டம். விதிகளைச் சொன்னவன் பதினைந்து வயதுப் பையன். வேகமாகச் சொன்னான். இவருக்குப் பாதி புரியவில்லை. மீண்டும் கேட்டார், சொன்னான். மூன்றாம் தடவையும் அதே கேள்வியைக் கேட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மெல்லப் பெருமூச்சு விட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தோடு இல்லை, சாதாரணமாகத்தான். அந்தப் பெருமூச்சு தனக்கு நன்றாகப் பழக்கமானது, இருபது வருஷமாக வகுப்பில் தான் விட்டுக்கொண்டிருப்பது அதுதான் என்று எழுதியிருந்தார். அதைக் கேட்டவுடன் தனக்குக் காது சூடானதையும், அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் எது சொன்னாலும் மண்டையில் ஏறாமல் போனதையும், புரிந்துவிட்டதாகத் தலையாட்டியதையும் எழுதியிருந்தார். பையன் அந்தத் தலையாட்டலை நம்பவில்லை. விதிப் புத்தகத்தை மூடிவிட்டு, “முதல் சுற்றில் எல்லோரும் சீட்டைத் திறந்து வைத்தே ஆடலாம், நான் என்ன யோசிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுகிறேன்” என்று சொல்லிவிட்டு அப்படியே ஆடிக் காட்டினான். அவருக்குப் புரிந்தது. கடைசியில் எல்லோருக்கும் கீழே வந்து தோற்றார். மறுபடி ஆட வேண்டும் போல் இருந்ததாம்.

மறுநாள் விற்பனைக் கூடத்தில், ரோமாபுரி வியாபாரம் பற்றிய ஒரு பெட்டியைச் சொந்தக் காசு கொடுத்து வாங்கினார். ஊர் திரும்பியதும் நிர்வாகம் கொடுத்த படிவத்தைப் பூர்த்தி செய்தார். கற்றுக்கொண்ட உத்தி என்ன? எந்தப் பாடத்திட்ட இலக்கோடு அது பொருந்துகிறது? மாணவர்களின் முன்னேற்றத்தை எப்படி அளக்கப்போகிறீர்கள்? பெட்டியைப் பற்றி எழுதினார். பெருமூச்சைப் பற்றி எழுதுவதற்கு அதில் இடம் இல்லை. புள்ளி கிடைத்தது. பெட்டி அலமாரியில் இருக்கிறது.

இந்தப் பயிற்சியின் பம்மாத்து முழுதும் இந்த ஒரு படிவத்தில் இருக்கிறது. அவருக்கு அங்கே நிஜமாகவே ஒன்று நேர்ந்தது. தெரியாதவளாக, மெதுவானவளாக, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியவளாக ஒரு மேஜையில் உட்கார நேர்ந்தது. இருபது வருஷமாகத் தெரிந்தவளாகவே நின்றுகொண்டிருந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய பயிற்சி என்ன வேண்டும்? ஆனால் கணக்கில் ஏறியது இது இல்லை. கணக்கில் ஏறியது பெட்டி.

ஜேம்ஸ் பால் ஜீ என்ற மொழியியல் பேராசிரியரின் கதையும் இப்படியே ஆயிற்று. ஐம்பது வயதைத் தாண்டியவர். தன் சின்ன மகன் ஆடிய கம்ப்யூட்டர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்றை ஆட உட்கார்ந்தார். திணறிப்போனார். தன் வயதில், தன் படிப்போடு, ஒன்றுமே விளங்காத முட்டாளாக மறுபடி ஆவது எப்படி இருக்கிறது என்பதிலிருந்துதான் 2003ல் அவர் எழுதிய புத்தகம் பிறந்தது. அதில் கற்றல் பற்றி 36 கொள்கைகளைத் தொகுத்தார். பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 36ஐ எடுத்துக்கொண்டு, திணறிய கிழவரை விட்டுவிட்டார்கள். பட்டியலைப் பயிற்சி வகுப்பில் கொடுக்கலாம். திணறலைக் கொடுக்க முடியாது, ஒவ்வொருவரும் தானே பட வேண்டும்.

விளையாட்டை வகுப்புக்குள் கொண்டுபோக முடியாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொண்டுபோகும்போது எது கூட வருகிறது, எது வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். ஹாய்ஸிங்கா 1938ல் எழுதியபோதே இதைத் தெளிவாக்கிவிட்டார்: விளையாட்டின் முதல் லட்சணம் அது கட்டாயமில்லாதது என்பது. உத்தரவின் பேரில் ஆடுவது விளையாட்டின் நகலாகத்தான் இருக்க முடியும். மாநாட்டில் ஒருவனுக்கு அலுத்தால் எழுந்து போய்விடலாம். போக முடியும் என்பதால்தான் உட்கார்ந்திருப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. வகுப்பில் வருகைப் பதிவேடு இருக்கிறது. இது சின்ன வித்தியாசம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை.

1971ல் மினியாபொலிஸில் பயிற்சி ஆசிரியராக இருந்த டான் ராவிட்ஷ், எட்டாம் வகுப்புக்கு அமெரிக்காவின் மேற்குக் குடியேற்றம் பற்றிப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. பெரிய காகிதத்தில் வழித்தடத்தை வரைந்து, சீட்டும் பகடையுமாக ஒரு ஆட்டம் தயார் செய்யலாம் என்று நினைத்தார். அறைத்தோழர்களாக இருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் என்ற இரண்டு கணக்குப் பயிற்சி ஆசிரியர்கள் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். திரைகூடக் கிடையாது. டெலக்ஸ் யந்திரம் மாதிரி காகிதத்தில் தட்டச்சாகி வரும். ‘ஆரிகன் டிரெய்ல்’ பிறந்த கதை இதுதான். பின்னால் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கம்ப்யூட்டர் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு பரப்பியது. அமெரிக்காவில் ஒரு தலைமுறையே அதை ஆடி வளர்ந்தது. அவர்களிடம் இன்று கேட்டால், மாட்டு வண்டியில் போகும் வழியில் சீதபேதி கண்டு செத்ததையும் வேட்டையாடியதையும் சொல்வார்கள். அந்த வண்டிகள் யாருடைய நிலத்தின் மேல் ஓடின என்பது பெரும்பாலோருக்கு அந்த ஆட்டத்தின் வழியாகத் தெரிந்திருக்காது. ஆட்டம் வண்டிக்காரனின் இடத்தில் உட்கார வைத்தது. வண்டிக்காரனின் இடத்திலிருந்து தெரிந்ததுதான் தெரிந்தது.

அதே நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் ‘ஃப்ரீடம்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பிள்ளைகள் தப்பியோடும் கறுப்பின அடிமையாக வேண்டும். பிடிபடாமல் வடக்கே போய்ச் சேர வேண்டும். நோக்கம் நல்லதுதான். வகுப்பில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முப்பது பேரில் இரண்டு பேர் கறுப்பினக் குழந்தைகள். இருபத்தெட்டுப் பேருக்கு மணி அடித்ததும் முடிந்துவிடுகிற ஆட்டம், அந்த இருவருக்கு மணி அடித்த பிறகும் தொடரும், தாழ்வாரத்தில், சாப்பாட்டு மேஜையில், பேருந்தில். பெற்றோர்கள் எதிர்த்தார்கள். ஆட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆடுகளத்தின் கோடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் போடப்பட்டிருக்கவில்லை. அந்தக் கோட்டை எழுந்து தாண்டிப் போகும் சுதந்திரமும் வகுப்பில் யாருக்கும் கிடையாது. பெட்டியின் மேல் எத்தனை வயது முதல், எத்தனை பேர், எத்தனை நிமிஷம் என்று அச்சடித்திருக்கிறார்கள். இதை அச்சடிக்க முடியாது. இது அந்த வகுப்பின் முகங்களைத் தெரிந்த ஆசிரியர் ஒருவருக்கே தெரியும்.

அடுத்த மயக்கம், பாடம் ஆட்டத்துக்குள் இருக்கிறது, ஆடினால் தானாக இறங்கிவிடும் என்பது. பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரும் இதை நம்பித்தான் போடுகிறார்கள். லிஸ்ஸி மகி என்ற பெண்மணி 1904ல் ‘நிலவுடைமையாளர் ஆட்டம்’ ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஹென்றி ஜார்ஜின் சீடர். நிலத்தை வளைத்துப்போட்டவன் உழைக்காமலே பணக்காரனாவதையும் வாடகை கொடுப்பவன் ஓட்டாண்டியாவதையும் ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்த ஆட்டம். ஸ்காட் நியரிங் என்ற பொருளாதார ஆசிரியர் வார்ட்டனில் தன் மாணவர்களை அதை ஆடச் செய்தார். அவர் மேஜையில் அது பாடமாக இருந்தது. ஆட்டம் கைமாறிக் கைமாறிப் போய், 1935ல் மொனாப்பலி என்ற பெயரில் பார்க்கர் பிரதர்ஸ் பெட்டியில் வந்தபோது, எதிராளியைத் திவாலாக்கும் சந்தோஷம் ஒன்றுதான் மிஞ்சியது. மகிக்குக் கிடைத்தது 500 டாலர். பலகையைச் சுற்றி வருவதும், வாடகை வாங்குவதும், சிறைக்குப் போவதும் அப்படியேதான் இருந்தன. நியரிங் இல்லாமல் போனார். பாடமும் இல்லாமல் போயிற்று.

இந்தக் கதை நமக்கு அந்நியமானதும் இல்லை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க நம் வீடுகளில் விரித்த பரமபத சோபானம்தான், இந்தியாவில் பல பெயர்களில் இருந்த அதன் சகோதரர்களோடு சேர்ந்து, 1890களில் இங்கிலாந்தில் பாம்பும் ஏணியுமாக விற்பனைக்கு வந்தது. 1943ல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி கம்பெனி பாம்பையும் எடுத்துவிட்டுச் சறுக்குமரமாக்கியது. படத்தில் இன்ன பாம்புக்கு இன்ன பாவம் என்று எழுதியிருக்கும். ஆனால் எழுத்துத் தெரியாத குழந்தைக்கு அதைச் சொன்னது யார்? பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருந்த பாட்டி. பாம்பின் வாயில் விழுந்ததும் அவள் ஒரு கதை சொன்னாள். தர்மம் பலகையில் இருந்ததாக நாம் நினைத்துக்கொண்டோம். அது பாட்டியின் வாயில் இருந்தது. பாட்டி இல்லாத மேஜையில், நூறு கட்டமும் ஒரு தாயக்கட்டையும்தான் இருக்கின்றன.

மாநாட்டிலிருந்து பெட்டியோடு திரும்பும் ஆசிரியர் பாட்டியை வாங்கிவிட்டதாக நினைக்கிறார். பாட்டி அவர்தான் என்பதை விற்பனைக் கூடத்தில் யாரும் அவருக்குச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்களுக்குப் பெட்டிகூட வேண்டாம். ஆட்டத்திலிருந்து புள்ளியையும் பதக்கத்தையும் பட்டியலில் மேலே ஏறுவதையும் மட்டும் உரித்தெடுத்து வகுப்பின் மேல் ஒட்டுகிறார்கள். கேமிஃபிகேஷன் என்று நாமகரணம். சரியாக உட்கார்ந்தால் ஒரு புள்ளி, வீட்டுப்பாடம் கொண்டுவந்தால் ஒரு புள்ளி, பேசினால் கழிவு. வெகுகாலமாக ஆட்டங்களைச் செய்தும் எழுதியும் வந்த இயன் போகோஸ்ட் 2011ல் இதை வெறும் புளுகு என்று கடுமையான வார்த்தையிலேயே சொன்னார். ஆட்டத்தில் ஒருவன் ஏன் உட்கார்ந்திருக்கிறான்? அடுத்தவன் என்ன செய்வான் என்று தெரியாத தவிப்பு, தன் திட்டம் உடைந்தவுடன் வேறு திட்டம் போட வேண்டிய அவசரம், தோற்றாலும் பிழைத்துவிடுவோம் என்ற நிம்மதி. இவைதான் ஆட்டம். புள்ளி என்பது ஆடி முடித்தபின் காகித ஓரத்தில் கூட்டிப் பார்ப்பது. அந்தக் காகித ஓரத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து, இதோ விளையாட்டு என்கிறார்கள். மதிப்பெண் என்ற பழைய சாட்டைக்குக் கலர் பூசினால் விளையாட்டாகிவிடுமா?

முக்கியமாக, தோற்றாலும் பிழைத்துவிடுவோம் என்ற அந்த நிம்மதி. பள்ளிக்கூடத்தால் கொடுக்க முடியாதது இது ஒன்றுதான், விளையாட்டு கொடுப்பதும் இதுவேதான். பள்ளியில் தோற்றால் அது பதிவாகும், வீட்டுக்குப் போகும், கூடவே வரும். மேஜையில் தோற்றால் காய்களைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கைகுலுக்குகிறோம். ஆட்டத்தை மதிப்பெண்ணோடு கட்டிய நிமிஷமே இந்த ஒன்று செத்துவிடுகிறது. மிஞ்சுவது மாறுவேஷம் போட்ட பரீட்சை. அதைப் பிள்ளைகள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏமாறுவது பெரியவர்கள் மட்டும்.

“இப்படியே குறை சொல்லிக்கொண்டிருந்தால் என்னதான் செய்வது? பிள்ளைகளுக்கு வகுப்பு அலுத்துப்போகிறதே” என்று கேட்பார்கள். அலுக்கத்தான் செய்யும். சில விஷயங்கள் அலுப்பைத் தாண்டித்தான் கிடைக்கும். எல்லா அலுப்பையும் மேஜைமேல் பெட்டி வைத்துத் தீர்க்க நினைப்பது, பசிக்கிற குழந்தைக்கும் அழுகிற குழந்தைக்கும் ஒரே மிட்டாயைக் கொடுப்பது போல. ஆனால் நல்ல வழி என்று ஒன்று இல்லாமலும் இல்லை. நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரியில் சரித்திரப் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ் 1990களில் ஒரு முறையைத் தொடங்கினார். மாணவர்கள் ஏதென்ஸ் சபையின் அங்கத்தினர்களாகவோ பிரெஞ்சுப் புரட்சிச் சபையின் கட்சிக்காரர்களாகவோ ஆகி, அந்தக் காலத்து நூல்களைப் படித்து, பேசி, வாதாடி, ஓட்டெடுத்து, ஜெயித்தோ தோற்றோ போவார்கள். ஆசிரியர் பின்னால் உட்கார்ந்துவிடுவார். அதிலும் தரம் போடுகிறார்கள், அதிலும் குறைகள் உண்டு. என்னைக் கவர்ந்தது அவர்கள் ஆசிரியர்களைத் தயார் செய்யும் விதம். பேராசிரியர்கள் கூடுகிறார்கள். கூடி, மாணவர்களின் இடத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைத் தாங்களே ஆடுகிறார்கள். தயார் செய்யாமல் வந்தவர் மாட்டிக்கொள்கிறார். பேசத் தெரியாதவர் வாயடைத்துப்போகிறார். ஆடி முடித்த பிறகு நடந்தது என்ன என்று பேசுகிறார்கள். உத்திகளின் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புவதற்கும் இதற்கும் உள்ள தூரம், நீச்சல் பற்றிய துண்டுப் பிரசுரத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரம்.

ஆகவே ஆசிரியர்கள் மாநாட்டுக்குப் போகட்டும். வியாபார நாளன்று போகாமல் மற்ற நாளில் போகட்டும். கையில் பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக இது எதற்கு உதவும் என்று முகர்ந்து பார்க்காமல், தெரியாத ஆட்டம் ஒன்றில் தெரியாதவர்களோடு உட்காரட்டும், தோற்கட்டும். வகுப்புக்கு ஆட்டம் வேண்டுமென்றால், ராவிட்ஷ் மாதிரி காகிதத்தை விரித்துத் தன் பிள்ளைகளுக்குத் தானே ஒன்று செய்யட்டும். அது அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் ஆட்டத்தில் எவ்வளவு விடுபட்டிருந்தது என்று நாம் குறை சொல்ல முடிவதே, செய்தவர் யார் என்று தெரிந்திருப்பதால்தான். தானே செய்ததை அடுத்த வருஷம் தானே திருத்தலாம். பெட்டியில் வந்ததைத் திருத்த யாருக்கும் கை வராது.

புள்ளியைத் துறந்துவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அவர்கள் சம்பளம் அந்தத் தொண்ணூறில் தொங்குகிறது. படிவத்தில் கேட்டதற்கு எதையாவது எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எழுதட்டும். எழுதியதைத் தாங்களே நம்பிவிடக் கூடாது என்பதுதான் நான் கேட்பது. நம்ப ஆரம்பித்துவிட்டால், தனக்கு நேர்ந்ததற்கும் தான் கணக்குக் காட்டியதற்கும் உள்ள வித்தியாசம் மறந்துபோகும். பிறகு தன் மாணவர்களிடமும் கணக்கில் வருவதை மட்டுமே பார்ப்பார்.

அந்த ஆசிரியை பின்னால் எழுதிய இன்னொரு கடிதத்தில் ஒரு செய்தி இருந்தது. ஒரு கட்டுரையை எப்படித் தொடங்குவது என்று ஒரு பையன் மூன்றாம் தடவையாகக் கேட்டிருக்கிறான். பெருமூச்சு தொண்டை வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டார். புத்தகத்தை மூடிவிட்டு, பலகை முன் நின்று, தான் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அந்தக் கட்டுரையைத் தானே எழுத ஆரம்பித்தார். முதல் வாக்கியம் சரியாக வரவில்லை. அழித்தார். இரண்டாவதும் வரவில்லை. டீச்சருக்கும் வராது என்பதைப் பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள். வகுப்பு அமைதியாக இருந்ததாம். நாலாவது வாக்கியத்தை அந்தப் பையனே சொன்னானாம்.

ரோமாபுரிப் பெட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அன்றைக்கு நடந்ததை அவர் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.